கூடுவிட்டுக் கூடு: வன்தட்டு உறையின் வரலாறு

ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பேசும்போது ஓலையைப் பற்றிப் பேசுகிறோம், எழுத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஏடு பெயர்த்தெழுதியவரின் பிழைகளைப் பற்றியும் பேசுகிறோம். சுவடியின் இருபுறமும் வைத்துக் கட்டிய மரச்சட்டங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு துளையில் கோத்த கயிறு, மறு துளையில் செருகிய நாராசம், கயிற்றின் நுனியில் முடிந்த கிளிமூக்கு ஆகியவை இன்று சொற்களாகக்கூடப் பலருக்கு அறிமுகமில்லாதவை. ஆயினும் அவை இல்லையேல் ஏடுகள் சிதறும். ஏடுகள் சிதறினால் வரிசை குலையும். வரிசை குலைந்தால் நூல் தொலையும். தாங்கி நிற்கும் பொருள்கள் யாவற்றுக்கும் இதுவே விதி போலும். அவை இருக்கும்வரை கண்ணில் படுவதில்லை.

நம் காலத்தில் அந்த மரச்சட்டத்தின் இடத்தில் இருப்பது, கணினிக்கு வெளியே வைத்துக்கொள்ளும் வன்தட்டின் மேலுறை. என்க்ளோஷர் என்பது அதன் ஆங்கிலப் பெயர். சென்னை ரிச்சி தெருவில் அப்படிக் கேட்பதைவிட 'கேசிங்' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, உள்ளே சிறிய மின்சுற்றுப் பலகை, வெளியே ஒரு கேபிள். அவ்வளவுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இப்பொருளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்கதை உண்டு. அந்தக் கதையை அறிந்தவருக்கு அதைத் தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும் எளிது என்பதாலும், தமிழ் நூல்களில் கணிசமான பகுதி இன்று இத்தகைய பெட்டிகளுக்குள்தான் குடியிருக்கிறது என்பதாலும் அதை இங்கே சற்று விரிவாகச் சொல்லிப் பார்க்கலாம்.

ஒரு டன் எடையில் ஒரு நூலகம்

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் 305 ராமாக் என்னும் கணினியை அறிவித்தது. அதன் உறுப்பாக வந்த ஐ.பி.எம். 350 என்னும் சேமிப்புக் கருவியே வணிகத்துக்கு வந்த முதல் வன்தட்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், ரெய்னால்டு ஜான்சன் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் அது உருவானது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. ஒரே ஒரு கரம் மேலும் கீழும் ஏறியிறங்கி, வேண்டிய தட்டுகளுக்கிடையே நுழைந்து எழுத்தைப் படித்தது. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கம்பராமாயணத்தை ரோமன் எழுத்தில் பெயர்த்து அதில் இட்டிருந்தால் முழுவதும் அடங்கி இடமும் மிஞ்சியிருக்கும்.

அதற்கு முன் காந்த நாடாவும் துளை அட்டையும் இருந்தன. நாடாவில் நடுவிலுள்ள ஒரு செய்தி வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டே வர வேண்டும். தட்டில் அந்தத் தொல்லை இல்லை. வேண்டிய இடத்துக்கு நேரே போகலாம். சுருளாகச் சுற்றிய ஏட்டுக்கும், பக்கம் புரட்டும் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இது. வன்தட்டின் வெற்றிக்கு முதற்காரணம் அதன் கொள்ளளவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இந்தப் புரட்டும் வசதியே காரணம்.

ஆனால் அந்த ஒரு டன் கருவியில் தட்டும் இயந்திரமும் பிரிக்க முடியாத ஒன்றாக இருந்தன. தட்டு நிரம்பிவிட்டால் இன்னொரு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். இதற்கு விடையாக 1962இல் அதே நிறுவனம் 1311 என்னும் கருவியைக் கொண்டுவந்தது. ஆறு தட்டுகள் கொண்ட அடுக்கை இயந்திரத்திலிருந்து தனியே கழற்றி எடுக்கலாம். அடுக்கின் எடை நாலரைக் கிலோ. கொள்ளளவு 20 இலட்சம் எழுத்துகள். அடுக்கை எடுத்துச் செல்லும்போது தூசி படாமலிருக்க அதற்கென்றே கைப்பிடியுடன் கூடிய ஒரு மூடி இருந்தது. நாம் இன்று உறை என்று அழைக்கும் பொருளின் மூதாதை அந்த மூடிதான். தரவு ஓரிடம், அதைப் படிக்கும் இயந்திரம் மற்றோரிடம் என்ற பிரிவினை அப்போது தொடங்கிற்று.

இந்தப் பிரிவினைக்கு ஒரு விலை இருந்தது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மிக நுண்ணிய காற்றுப்படலத்தின் மேல் மிதந்து செல்கிறது. இடைவெளி குறையக் குறையத்தான் அதிக எழுத்துகளை நெருக்கி எழுத முடியும். இடைவெளி குறைந்தால் ஒரு தூசித் துகள்கூட முனைக்கு மலையாகிவிடும். கழற்றி மாட்டும் அடுக்கில் தூசியை முற்றிலும் தடுக்க இயலாது. ஆகவே 1973இல் வந்த ஐ.பி.எம். 3340, தட்டு, அச்சு, படிக்கும் முனை ஆகிய மூன்றையும் ஒரே மூடிய கூட்டுக்குள் வைத்தது. 30 மெகாபைட் கொண்ட இரண்டு கூடுகள் என்பது தொடக்கத் திட்டம். 30-30 என்ற எண் ஒரு புகழ்பெற்ற துப்பாக்கி ரவையை நினைவூட்டியதால் வின்செஸ்டர் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அன்று தொடங்கி இன்றுவரை நாம் பயன்படுத்தும் சுழலும் வன்தட்டுகள் யாவும் வின்செஸ்டரின் வாரிசுகளே. அடுத்த தலைமுறைக் கருவிகளில் அந்தக் கூடும் இயந்திரத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. வெளியே உலாவிய தட்டு மறுபடியும் உள்ளே போய் அடைபட்டது.

மேசைக்கு வந்த பெட்டி

1980இல் சீகேட் நிறுவனம், அப்போது ஷுகார்ட் டெக்னாலஜி என்ற பெயரிலிருந்து மாறிய புதிய நிறுவனம், ஐந்தேகால் அங்குல அளவில் 5 மெகாபைட் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரோடைம் நிறுவனம் மூன்றரை அங்குல வன்தட்டைச் செய்தது. 1988இல் பிரெய்ரிடெக் நிறுவனம் இரண்டரை அங்குலத்துக்குக் குறுக்கியது. இந்த இரண்டு அளவுகளும் நாற்பது ஆண்டுகளை ஒட்டி நிலைத்துவிட்டன என்பது வியப்புக்குரியது. கொள்ளளவு இலட்சக்கணக்கான மடங்கு பெருகியபின்னும், திருகாணித் துளைகளின் இடம் பெரிதும் மாறவில்லை. இன்று வாங்கும் உறையில் 3.5 என்றும் 2.5 என்றும் அச்சிட்டிருப்பது அந்த வரலாற்றின் எச்சம்தான்.

மேசைக் கணினிக்கு வெளியே ஒரு பெட்டியில் வன்தட்டை வைக்கும் வழக்கத்துக்கு மக்கின்டாஷ் ஒரு முக்கியக் காரணம். 1984இல் வந்த முதல் மக்கின்டாஷில் வன்தட்டும் இல்லை. அதைப் பொருத்துவதற்கு உள்ளே இடமும் இல்லை. 1985 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் கணினிக்கு அடியில் பீடம்போல் வைக்கத்தக்க 20 மெகாபைட் பெட்டியை வெளியிட்டது. விலை 1,495 டாலர். பொருத்தமான வேறு வாசல் இல்லாமையால் அது நெகிழ்தட்டுக்குரிய துளையிலேயே இணைந்தது. எனவே மெதுவாகவே இயங்கியது. அடுத்த ஆண்டு சனவரியில் வந்த மக்கின்டாஷ் பிளஸ், ஸ்கஸி என்னும் பொது இணைப்புடன் வந்தது. அதே 1986இல் ஸ்கஸி அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் ஏற்பையும் பெற்றது. இதன்பிறகு யார் வேண்டுமானாலும் பெட்டி செய்யலாம், யாருடைய வன்தட்டையும் அதில் வைக்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

ஸ்கஸியைக் கையாண்டவர்கள் அதன் சடங்குகளை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குச் சங்கிலியாக இணைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரையிலான ஓர் எண்ணைத் தர வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் இரண்டும் பேசா. சங்கிலியின் முடிவில் டெர்மினேட்டர் என்னும் முடிப்பான் செருக வேண்டும். கணினி இயங்கும்போது எதையும் பிடுங்கலாகாது. பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் இருந்தவர்களுக்கு மட்டுமே வாய்த்த கலையாக அது இருந்தது.

பொதுமக்களுக்கு வழி திறந்தது யு.எஸ்.பி. 1996 சனவரியில் அதன் முதல் வரையறை வெளியாயிற்று. இன்டெல் நிறுவனத்தில் இம்முயற்சியை முன்னெடுத்தவர்களுள் தலையாயவர் பரோடாவில் பயின்ற இந்தியரான அஜய் பட். எண் தர வேண்டாம், முடிப்பான் வேண்டாம், கணினியை அணைக்கவும் வேண்டாம். குறை ஒன்றுதான்: வேகம். விநாடிக்கு 12 மெகாபிட் என்பது நடைமுறையில் விநாடிக்கு ஒரு மெகாபைட் அளவே. 40 கிகாபைட் வன்தட்டு ஒன்றை அந்த வேகத்தில் படியெடுக்கப் பதினோரு மணி நேரம் ஆகும். 2000 ஏப்ரலில் வந்த யு.எஸ்.பி. 2.0 இதை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. அதே வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. அந்த ஆண்டிலிருந்தே புற வன்தட்டு உறை வீட்டுப் பொருளாயிற்று எனலாம்.

வன்தட்டுக்கு யு.எஸ்.பி. மொழி தெரியாது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அது பேசுவது ஐ.டி.இ. மொழி, அல்லது 2003இல் வந்த சாட்டா மொழி. உறைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பலகையில் ஒரு சில்லு இருக்கிறது. கணினி யு.எஸ்.பி.யில் கேட்பதை வன்தட்டின் மொழியில் சொல்லி, விடையை வாங்கித் திருப்பித் தருவது அதன் தொழில். பாலம் என்று பொறியாளர்கள் அதை அழைக்கிறார்கள். துபாஷி என்று நாம் அழைக்கலாம். உறையின் தரம் என்பது பெரும்பாலும் இந்தத் துபாஷியின் தரம். பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்குபவர்கள் துபாஷியின் உடையைப் பார்த்து வேலைக்கு வைத்தவர்கள் ஆகிறார்கள்.

நம் நூல்கள் எங்கே இருக்கின்றன?

1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் சங்க நூல்களையும் பக்தி இலக்கியங்களையும் தட்டச்சிட்டனர். 2005இல் ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் தோன்றியது. அதற்குப் பின்னணியில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான நினைவு இருந்தது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எத்துணை ஆபத்து என்பதைத் தமிழர்க்கு அந்த இரவைப்போல் வேறெதுவும் உணர்த்தவில்லை.

இவை நிறுவனங்களின் பணி. இவற்றுக்கு வெளியே, ஊர்தோறும் ஆய்வாளர்களும் சேகரிப்பாளர்களும் வீட்டில் வைத்திருக்கும் வருடிய பக்கங்கள், நாட்டார் பாடல் ஒலிப்பதிவுகள், அகராதிக்கெனத் திரட்டிய சொற்பட்டியல்கள் கணக்கில் அடங்கா. அவை பெரும்பாலும் ஒரே ஒரு வன்தட்டில், ஒரே ஒரு படியாக இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எட்டாண்டுக் காலம் தம் வட்டாரத்து வேளாண் சொற்களைத் திரட்டித் தாமே தட்டச்சிட்டு வைத்திருந்தார். கணினி ஒருநாள் உயிர்விட்டது. பழுது பார்க்க வந்தவர், தாய்ப்பலகை போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். ஐயாவும் சொற்கள் போயின என்றே நம்பி, பழைய பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். தாய்ப்பலகை இறந்ததால் வன்தட்டு இறந்துவிடாது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சில ஆண்டுகள் கழித்து மாணவர் ஒருவர் அந்த வன்தட்டைக் கழற்றி ஐ.டி.இ. உறை ஒன்றில் இட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வன்தட்டின் பின்புறத்திலுள்ள ஜம்பர் என்னும் சிறு தொப்பியை 'மாஸ்டர்' நிலைக்கு மாற்றிச் செருகியதும் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஐயா கேட்ட முதற் கேள்வி: "அந்த ஏர்ப்பூட்டுச் சொற்கள் இருக்கின்றனவா, தம்பி?" இருந்தன.

திருமூலரின் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. மூலன் என்னும் ஆயன் இறந்துகிடக்க, ஆநிரைகள் சுற்றிநின்று கதறக் கண்டு இரங்கிய சித்தர், தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவனது உடலுள் புகுந்தார். திரும்பி வந்தபோது வைத்த இடத்தில் தம் உடல் இல்லை. இரவல் உடலிலேயே இருந்து திருமந்திரம் பாடினார். கணினி என்னும் உடல் மறைந்தாலும் தரவு இன்னொரு கூட்டுக்குள் புகுந்து பேசும் என்பதே இந்த உறையின் பயன். கூடு கிடைக்க வேண்டும். அது பொருந்தவும் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் கையிலிருக்கும் வன்தட்டைப் பாருங்கள். மேசைக் கணினியிலிருந்து வந்தது மூன்றரை அங்குலம். மடிக்கணினியிலிருந்து வந்தது இரண்டரை அங்குலம். பின்புறத்தில் இரு வரிசை ஊசிகள் இருந்தால் ஐ.டி.இ. பெரியதில் 40, சிறியதில் 44 ஊசிகள். சிறியதன் ஊசிகள் மெல்லியவை. வளைந்தால் நிமிர்த்துவது கடினம். ஊசிகளுக்குப் பதிலாக எல் வடிவத்தில் இரண்டு தட்டையான நாக்குகள் இருந்தால் சாட்டா. சாட்டாவில் இரு அளவுகளுக்கும் இணைப்பு ஒன்றே என்பது பெரிய வசதி. இரண்டரை அங்குலத்திலும் 7, 9.5, 12.5, 15 மில்லிமீட்டர் என்று தடிமன் வேறுபடும். மெல்லிய உறையில் தடித்த வன்தட்டு நுழையாது. அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

இரண்டாவது மின்சாரம். மூன்றரை அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் வேண்டும். யு.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட். ஆகவே தனி அடாப்டர் இன்றியமையாதது. இங்கே ஓர் எச்சரிக்கை: மடிக்கணினியின் அடாப்டர் முனையும் சில உறைகளின் துளையும் ஒரே அளவில் இருக்கும், மடிக்கணினி அடாப்டர் பெரும்பாலும் 19 வோல்ட். மாற்றிச் செருகினால் சில்லும் போகும், வன்தட்டின் பலகையும் போகலாம். அடாப்டரின்மேல் அது எந்த உறைக்கு உரியது என்று காகிதம் ஒட்டி எழுதி வைப்பது சிறு வேலை, பெரிய காப்பு.

இரண்டரை அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வேண்டியதில்லை. ஆயினும் யு.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டிய மின்னோட்டத்தின் வரம்பு 500 மில்லி ஆம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் பல வன்தட்டுகள் அதைவிட மிகுதியாகக் கேட்கும். அதனால்தான் பழைய உறைகளுடன் இரு தலைகள் கொண்ட கேபிள் வந்தது. 2008இல் வந்த யு.எஸ்.பி. 3.0 இதை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. வன்தட்டு மெல்ல டிக் டிக் என்று ஒலித்து அடங்கி, மறுபடி ஒலித்தால், அது சாகிறது என்று முடிவுகட்டும் முன் பசிக்கிறதா என்று பாருங்கள். கணினியின் பின்புறத் துளையில் குட்டையான கேபிளால் இணைத்துப் பார்ப்பது முதல் மருத்துவம். அப்போதும் ஒலி தொடர்ந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். முனை தட்டை உரசிக்கொண்டிருக்கலாம். மேலும் சுழலவிடுவது எழுத்தைச் சுரண்டுவதற்கு ஒப்பு.

மூன்றாவது துபாஷியின் எல்லை. பழைய சில்லுகள் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண அறியாதவை. 4 டெராபைட் வன்தட்டைப் பழைய உறையில் இட்டால், எழுதியவை குலையும் அபாயமும் உண்டு. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சில உறைகள் வன்தட்டின் 512 பைட் கட்டங்களை எட்டெட்டாகச் சேர்த்து 4,096 பைட் கட்டங்கள் என்று கணினிக்குச் சொல்லும். அந்த உறையில் எழுதிய வன்தட்டை வேறு உறையில் இட்டால், கணினி அதை வெறுந்தட்டு என்று எண்ணி, 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வேறு சில, கடையில் மூடியே விற்கும் புற வன்தட்டுகள், கடவுச்சொல் இடாதபோதும் தரவை மறையீடு செய்தே எழுதுகின்றன. அங்கே உறையின் சில்லு கெட்டால், நலமாயுள்ள வன்தட்டும் ஊமையாகிவிடும். இன்னும் சில இரண்டரை அங்குல வன்தட்டுகளில் யு.எஸ்.பி. இணைப்பு வன்தட்டின் பலகையிலேயே அமைந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் சாட்டா நாக்கே இராது. தனியே வன்தட்டும் தனியே உறையும் வாங்குவது சற்றுக் கூடுதல் வேலையானாலும், கூடு கெட்டால் வேறு கூடு மாற்றலாம் என்ற உறுதி அதில் உண்டு. ஆண்டுகளுக்கு வைத்துக் காக்க வேண்டிய தரவுக்கு இது சிறிய ஆதாயமன்று.

நான்காவது வெப்பம். மூன்றரை அங்குல வன்தட்டை மணிக்கணக்கில் ஓட்டுவதானால் அலுமினிய உடலோ விசிறியோ உள்ள உறை தேவை. நம் ஊர் மே மாதத்தில் மின்விசிறி இல்லாத அறையில் மூடிய பிளாஸ்டிக் பெட்டி அடுப்பாகிவிடும்.

இப்போது சுழலாத தட்டுகளும் வந்துவிட்டன. எஸ்.எஸ்.டி. எனப்படும் இவற்றில் இரண்டரை அங்குல சாட்டா வகை பழைய உறையிலேயே இயங்கும். சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வகையில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு சாதிகள் உண்டு. ஒன்றுக்குரிய உறையில் மற்றது பேசாது. இரண்டையும் ஏற்கும் உறை வேண்டுமெனில் கேட்டு வாங்க வேண்டும். எஸ்.எஸ்.டி. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆயினும் அதில் எழுத்து என்பது சிறைப்பிடித்த மின்னூட்டம். மின்சாரமே காட்டாமல் பல ஆண்டுகள் அலமாரியில் பூட்டிவைத்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். அன்றாடப் பயணத்துக்கு எஸ்.எஸ்.டி., நீண்ட துயிலுக்குச் சுழலும் தட்டு என்று பிரித்துக்கொள்வது பொருத்தம்.

கையாளும் முறை

புதிய வன்தட்டை உறையில் இட்டதும் கணினி கேட்கும் முதற்கேள்வி எந்த வடிவில் ஃபார்மேட் செய்வது என்பது. ஃபேட்32 எல்லாக் கருவிகளுக்கும் புரியும். ஆனால் 4 கிகாபைட்டை எட்டும் ஒரே கோப்பை அது ஏற்காது. நீண்ட ஒளிப்பதிவு ஒன்றைப் படியெடுக்கும்போதுதான் இது தெரியவரும். விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ்.; பல கணினிகளுக்கிடையே நடமாடுவதென்றால் எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட்டில் ஓர் எளிமை உண்டு. அதே எளிமையால் எழுதும் நடுவே பிடுங்கினால் அது மீள்வது கடினம். பாதுகாப்பாக நீக்கு என்ற கட்டளையைச் சடங்கென்று ஒதுக்கலாகாது. எழுதியாயிற்று என்று கணினி சொல்லும் சில வரிகள் அப்போதும் நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

சுழலும்போது வன்தட்டை நகர்த்தக் கூடாது. பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் கை பட்டுச் சாயும், படுக்கவைப்பதே நலம். பழுது என்று தோன்றினால் சோதிக்கும் வரிசை இது: முதலில் கேபிள், அடுத்து துளை, அடுத்து அடாப்டர், பிறகு உறை, கடைசியில்தான் வன்தட்டு. இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி நல்ல வன்தட்டுகளைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம். 'ஃபார்மேட் செய்யவா?' என்று கணினி எத்தனை முறை பணிவாகக் கேட்டாலும், உள்ளே ஒரே படியாக ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் வன்தட்டு ஒருநாள் நிற்கும். 2011இல் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் ஆலைகள் மூழ்கி, உலகெங்கும் வன்தட்டின் விலை பன்மடங்கு ஏறியது. சுழலும் தட்டுகளைச் செய்வோர் இன்று உலகிலேயே மூன்று நிறுவனங்கள்தாம். வாங்கத்தக்கபோது வாங்கி, இரண்டாவது படியொன்று எடுத்து வேறு வீட்டில் வைப்பது வசதியானவர்களின் ஆடம்பரமன்று. மதிப்புள்ள எதற்கும் இரண்டு பெட்டி வேண்டும். ஒன்று வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

பேராசிரியரின் கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. கோப்புகள் வந்தன, திறந்தால் எழுத்துகள் வரவில்லை. புள்ளிகளும் பிறமொழிக் குறிகளுமாக இருந்தன. யூனிகோடு பரவும் முன் நம்மவர்கள் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியீடுகளில் எழுதினார்கள். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு முறை என்றிருந்த காலமும் உண்டு. ஐயா பயன்படுத்திய எழுத்துரு அதே வன்தட்டின் வேறொரு கோப்புறையில் கிடைத்தது. அதைக் கொண்டுதான் சொற்களை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. வன்தட்டை மட்டும் காத்து, எழுத்துருவை விட்டிருந்தால், வட்டெழுத்தைப் படிக்கத் தெரியாதவன் கல்வெட்டின்முன் நின்ற கதையாகியிருக்கும். பழைய கோப்புகளைப் புதிய பெட்டிக்கு மாற்றுவோர் அவற்றோடு எழுத்துருக்களையும் மாற்றுக; கூடவே யூனிகோடில் ஒரு படியும் எடுத்து வைத்துக்கொள்க.

ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள். சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்தது எந்த ஓர் ஓலையும் இரண்டாயிரம் ஆண்டு தாங்கியதால் நேர்ந்ததன்று. சிதைவதற்கு முன் யாரோ ஒருவர் விளக்கொளியில் அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார். அவருக்குப் பின் இன்னொருவர். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. வன்தட்டுக்கு ஆயுள் சில ஆண்டுகள். ஆகவே பெயர்த்தெழுதும் முறை நம் வாழ்நாளிலேயே பலமுறை வரும். எழுத்தாணி பிடிக்க வேண்டியதில்லை. கண் நோக வேண்டியதில்லை. பரண்மேல் கிடக்கும் பழைய கணினியை இறக்கி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, பொருத்தமான உறை ஒன்று வாங்க வேண்டும். வருகிற விடுமுறையில் ஒரு பிற்பகல் போதும்.